தலைவர் வெளிநாடு போனால் முடி யாரிடம்? வரலாற்று மீள்நடிப்புக் குழுக்களில் பதில் பொறுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லூரைத் தலைநகராகக் கொண்ட யாழ்ப்பாண இராச்சிய காலத்தை உடுப்பு, கேடயம், அரசவை என்று நடத்திக் காட்டும் சிறிய குழு ஒன்றில் கணக்குப் பார்ப்பவன் நான். வாள் எப்படிப் பிடிப்பது என்று என்னிடம் ஒருவரும் கேட்பதில்லை. "தலைவர் போயிட்டார், இனி ஆர்?" என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் பெடியள் மட்டுமல்ல, அயலில் இப்படிக் குழு தொடங்கியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் விளக்குவதை விட்டு, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன். முதலில் வருபவை புதியவர்களுக்கு. சிக்கலில் மாட்டியிருப்பவர்கள் நேரே கீழே போகலாம்.

மீள்நடிப்புக் குழு எண்டா என்ன? உதுவும் நாடகக் குழுதானே?

கிட்டத்தட்ட. ஆனால் கூத்துக்கு அண்ணாவியார் இருப்பார், பாட்டு இருக்கும், மத்தளம் இருக்கும், விடியும்போது கதை முடிந்துவிடும். மீள்நடிப்பில் எழுதிவைத்த கதை இல்லை. ஒரு காலத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்து ஆளாக உடுத்து, உண்டு, சண்டை பழகி, அரசவை கூட்டிப் பார்ப்பதுதான் வேலை. பார்வையாளர் இல்லாமலும் நடக்கும்.

இந்தத் துறையில் உலகின் பெரிய அமைப்புகளில் ஒன்று அமெரிக்காவில் தொடங்கிய சொசைட்டி போர் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம், சுருக்கமாக எஸ்.சி.ஏ. 1966இல் கலிபோர்னியாவின் பேர்க்லியில் ஒரு வீட்டு வளவில் கூடிய நண்பர்களால் ஆரம்பமானது. இன்று உலகத்தை இருபது 'இராச்சியங்களாக'ப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசர், ஓர் அரசி. தடித்த பிரம்பால் செய்த ஆயுதங்களோடு நடக்கும் போட்டியில் வென்றவர் அரசராவார். பெரும்பாலும் ஆறு மாதம் ஆள்வார், பிறகு அடுத்த போட்டியில் வென்றவர் வருவார். அவர்களை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு: ஆள் மாறும்போது என்ன செய்வது என்பதை எழுத்தில் வைத்திருப்பவர்கள் அவர்கள். எங்கள் ஊர்க் குழுக்களின் யாப்பில், அதாவது அமைப்பு விதிகளில், அந்தப் பக்கம் பெரும்பாலும் வெறுமையாகத்தான் கிடக்கும்.

அங்க ராசாவும் இருக்கிறார், தலைவரும் இருக்கிறாரோ? ரெண்டும் ஒராள் இல்லையோ?

இரண்டு ஆள். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எஸ்.சி.ஏ.யில் அரசர் கொலுவில் இருப்பார், பட்டம் கொடுப்பார், படையை வழிநடத்துவார். காகித வேலை முழுவதும் செனஷல் என்ற அலுவலரிடம். பணம் எக்ஸ்செக்கரிடம். சண்டைப் பாதுகாப்பு மார்ஷலிடம். ஒரு வெற்றியோடு வந்தவர் அடுத்த தோல்வியோடு போவார். பதிவேடும் வங்கிப் புத்தகமும் அந்த வேகத்தில் கைமாறக்கூடாது என்பதால்தான் இந்தப் பிரிவினை.

எங்கள் பக்கத்தில் நடப்பது என்ன? நல்ல குரலும் உயரமும் உள்ள ஒருவர் அரசர் வேடம் போடுகிறார். இரண்டு நிகழ்ச்சி முடிய அவரையே தலைவராகவும் தெரிவு செய்துவிடுகிறோம். அவர் போகும்போது முடியும் போகிறது, முத்திரையும் போகிறது, திறப்பும் போகிறது. கீழே வரும் சிக்கல்களில் பாதி இதிலிருந்து முளைத்தவைதான்.

பதில் தலைவர் எண்டால் உபதலைவர்தானே? அதுக்கேன் தனிப் பேர்?

உபதலைவர் பொதுக்கூட்டத்தில் தெரிவானவர். தலைவர் ஊரில் இருக்கும்போதும் அவர் உபதலைவர்தான். பதில் தலைவர் என்பது ஓர் இடைவெளியை நிரப்பும் பொறுப்பு. உபதலைவரே அதை ஏற்பது வழமை. ஆனால் அவர் மருத்துவ பீடத்தில் இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தால் வேறொருவர் ஏற்கலாம்.

இதிலும் இரண்டு வகை உண்டு. தலைவர் இருக்கிறார், ஆனால் மூன்று கிழமை கொழும்பில் பயிற்சிக்குப் போய்விட்டார் என்றால் அவர் திரும்பும்வரை அவருடைய கடமையைப் பார்ப்பவர் ஒருவர். தலைவர் பதவியே வெற்றிடமாகி, புதிய தெரிவு நடக்கும்வரை இருப்பவர் இன்னொருவர். முதலாமவர் தலைவரிடம் தொலைபேசியில் கேட்டுச் செய்யலாம். இரண்டாமவருக்குக் கேட்க ஆளில்லை. ஆகவே இரண்டாமவருக்குத்தான் எல்லைகளை எழுத்தில் கொடுக்கவேண்டும். பாடசாலைகளில் பதில் அதிபர் ஆண்டுக்கணக்கில் பதிலாகவே இருப்பதைப் பார்த்துப் பழகிவிட்டதால் இந்த வித்தியாசம் எங்களுக்கு உறைப்பதில்லை.

அண்ணை, தலைவருக்கு விசா வந்திட்டுது. வெள்ளிக்கிழமை பிளைட். இப்ப என்ன செய்யிறது?

வாழ்த்துச் சொல்லுங்கள். பிறகு அன்று பின்னேரமே செயலாளரையும் பொருளாளரையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். பயணம் சொல்ல வரும் சொந்தக்காரருக்கு நடுவில் விறாந்தையில் ஒரு மணித்தியாலம் போதும். மூன்று விடயம் முடியவேண்டும்: அவருடைய விலகல் கடிதம், சாமான் பட்டியல், திறப்புகள்.

பட்டியல் என்றால் "உடுப்புகள், ஆயுதங்கள்" என்று இரண்டு வரி எழுதுவது அல்ல. றங்குப்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எழுதவேண்டும். முடி இரண்டு, அதில் ஒன்றுக்கு முன்பக்கக் கல் இல்லை. சரிகைச் சால்வை ஒன்று, ஓரத்தில் மெழுகுதிரி பட்ட கறை. ரெஜிபோம் (இலேசான வெள்ளை நுரைப்பலகை) கேடயம் ஆறு. பிரம்பு வாள் பத்து, பிடி கழன்றது இரண்டு. குறைகளையும் சேர்த்து எழுதினால்தான் அந்தக் கல் யார் காலத்தில் விழுந்தது என்று பிறகு சண்டை வராது. பட்டியலின் அடியில், பொறுப்பை விட்டுப் போகிறவர், ஏற்கிறவர், ஒரு சாட்சி, மூவரும் கையொப்பமிடவேண்டும். முகநூல் பக்கமும் மின்னஞ்சலும் அவருடைய சொந்தத் தொலைபேசி இலக்கத்தில் கட்டப்பட்டிருக்கும். அதை அங்கேயே மாற்றிவிடுங்கள். அங்கே போய்ப் புது சிம் போட்டபிறகு அந்த இலக்கத்துக்கு வரும் இரகசிய எண்ணை ஒருவராலும் எடுக்கமுடியாது.

இந்த அவசரமே வராமல் இருக்க எஸ்.சி.ஏ. ஒரு வழி வைத்திருக்கிறது. அலுவலர் ஒவ்வொருவரும், தான் திடீரென்று இல்லாமல் போனால் அந்தக் கதிரையில் இருக்கக்கூடிய ஒரு துணை அலுவலரை முன்கூட்டியே பெயர் சொல்லி வைக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். விசா ஊர் முழுக்க வருகிற இடத்தில் இதைவிடப் பொருத்தமான வழக்கம் எனக்குத் தெரியவில்லை.

தலைவர் "நான் அங்கயிருந்து வட்சப்பில நடத்துவன், பதில் ஆள் தேவையில்லை" எண்டுறார். ஏலாதோ?

ஏலாது. இங்கே மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி தொடங்கும்போது கோடைகால ரொறன்ரோவில் காலை ஏழரை. அவர் வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பார். நேரத்தைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் பொலிஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதிக்குக் கையொப்பம் வைக்கவும், மண்டபத்துத் திறப்பை வாங்கவும், அடிபட்ட பெடியனை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போகவும் இங்கே ஓர் ஆள் வேண்டும்.

மரியாதையாகப் போசகர் ஆக்குங்கள். ஆலோசனை சொல்லட்டும். ஒப்பமிடும் அதிகாரம் இங்கே இருக்கட்டும்.

ஆர் நியமிக்கிறது? நாங்களே ரெண்டு மூண்டு பேர் கதைச்சு முடிவெடுத்தா காணாதோ?

நிர்வாகக் குழுக் கூட்டம் கூடி, தீர்மானம் எழுதி, அடுத்த பொதுக்கூட்டத்தில் அதை உறுதிப்படுத்தவேண்டும். தேத்தண்ணிக் கடையில் எடுத்த முடிவுக்குக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் இடமில்லை. வங்கி கேட்கும் முதல் காகிதமும் அந்தக் குறிப்பின் பிரதிதான்.

எவ்வளவு காலத்துக்கு?

தீர்மானத்திலேயே திகதி போடுங்கள். "புதிய தலைவர் தெரிவாகும்வரை" என்று மட்டும் எழுதினால் தெரிவே நடக்காது. "அடுத்த பொதுக்கூட்டம் வரை, ஆனால் எப்படியும் 90 நாளுக்கு மேற்படாமல்" என்று எழுதினால் அந்த நாள் நெருங்கும்போது செயலாளர் தானாகவே அறிவித்தல் ஒட்டுவார். 90 என்பது என் கணிப்பு. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் ஒருவரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள், அதற்கு முன்னும் பின்னும் கொஞ்ச நாள் போகும். அதையும் சேர்த்துத்தான் மூன்று மாதம்.

நீட்டவேண்டி வரலாம். 2020இல் கொரோனாவால் நிகழ்ச்சிகள் நின்றபோது எஸ்.சி.ஏ.யின் ஆறு மாத அரசர்கள் பலர், அடுத்த போட்டி நடத்தமுடியாததால், நினைத்ததைவிட நீண்ட காலம் முடியோடு இருக்க நேர்ந்தது. அப்படி வந்தால் நீட்டிப்பையும் தனித் தீர்மானமாக, இன்னொரு திகதியோடு எழுதுங்கள்.

பதில் தலைவர் என்னென்ன செய்யலாம்? கை கட்டிக்கொண்டு இருக்கவேணுமோ?

நடந்துகொண்டிருப்பவை எல்லாம் நடக்கவேண்டும். பயிற்சி, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி, மண்டப வாடகை, கூட்டம். தடுக்கவேண்டியது பின்னால் வருபவரின் கையைக் கட்டிப்போடும் வேலைகளை: புதிய கடன், ஆண்டுக்கணக்கான ஒப்பந்தம், யாப்புத் திருத்தம், உறுப்பினரை நிரந்தரமாக விலக்குவது, குழுவின் சாமானை விற்பது அல்லது அன்பளிப்பாகக் கொடுப்பது.

மத்திய காலத்தைத்தானே நடிக்கிறோம், அங்கேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1216இல் இங்கிலாந்தில் ஜோன் மன்னன் இறந்தபோது மகன் ஹென்றிக்கு ஒன்பது வயது. நாட்டில் உள்நாட்டுப் போர். எழுபது வயதை எட்டிய வில்லியம் மார்ஷல் என்ற வீரரைப் பொறுப்பாட்சிக்கு ஏற்றினார்கள். அவர் போரை வென்றார், சமாதானம் செய்தார். 1218இல் சிறுவன் பெயரில் புதிய அரச முத்திரை செய்தபோது, அரசன் வயதுக்கு வரும்வரை அந்த முத்திரையை வைத்து நிரந்தரமான கொடை எதுவும் கொடுப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். நிலமோ உரிமையோ என்றென்றைக்கும் என்று எழுதிக் கொடுக்கமுடியாது. இதைத்தான் எங்கள் யாப்பில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்கிறேன்: பதில் தலைவர் காலத்தில் நிரந்தரமாக எதுவும் எழுதிக் கொடுக்கப்படாது.

மார்ஷலின் கடைசி நாட்களும் கவனிக்கவேண்டியவை. 1219இல் நோயில் விழுந்ததும், சாகும்வரை பிடித்து வைத்திருக்காமல், பிரபுக்களைக் கூட்டிப் பொறுப்பைத் துறந்தார். வின்செஸ்டர் ஆயர் சிறுவனைத் தன்னிடம் தரும்படி கேட்டார். மார்ஷல் அவருக்குக் கொடுக்காமல் பாப்பரசரின் தூதரிடம் ஒப்படைத்தார். அடுத்த மாதம் இறந்துவிட்டார்.

காசோலையில ஆர் கையெழுத்து வைக்கிறது?

தீர்மானத்தின் பிரதி, பதில் தலைவரின் அடையாள அட்டைப் பிரதி, மாதிரிக் கையொப்பம் ஆகியவற்றோடு வங்கிக்குப் போகவேண்டும். அதுவரைக்கும் பழைய தலைவரிடம் வெற்றுக் காசோலைகளில் கையொப்பம் வாங்கி வைப்போமா என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள்.

எப்போதும் இரண்டு கையொப்பம். எஸ்.சி.ஏ.யிலும் இதே விதி, கூடவே இன்னொன்றும் உண்டு: ஒப்பமிடும் இருவரும் ஒரே வீட்டார் ஆகக்கூடாது. அண்ணன் பதில் தலைவர், தம்பி பொருளாளர் என்றால் அவர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும் மூன்றாவது ஆளின் கையொப்பத்தைச் சேருங்கள். நேர்மையானவர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்புக் கூடுதலாகத் தேவை, கதை கட்டுகிறவர்கள் முதலில் அவர்களைத்தான் பிடிப்பார்கள்.

தலைவர் பிரச்சினை சரி. ராசா வேடம் போடுறவர் திடீரெண்டு வராட்டி?

இது தலைவர் பிரச்சினை அல்ல. இரண்டாவது கேள்விக்கான பதிலைப் பாருங்கள். வேடத்துக்குப் பதில் ஆள் போடுவது மிக இலேசு. காத்தவராயன் கூத்தில் முன்காத்தான் ஒருவர், பின்காத்தான் ஒருவர் என்று ஒரே இரவில் ஒரே பாத்திரத்தைப் பலர் ஆடுகிறார்கள். களரியில் ஆள் மாறுவதைப் பார்த்து எந்த ஆச்சியும் குழம்பிப்போனதில்லை.

எஸ்.சி.ஏ.யில் அரசரால் முடியாமல் போனால் அரசி தனியாக ஆள்வார். அவர்களுடைய உள்ளூர்க் கிளைகளில் பரோனி என்பது ஒன்று. அதற்குப் பிரபு இல்லாத காலத்தில், அடுத்தவர் வரும்வரை விக்கார் என்ற பெயரில் ஒருவரை இருத்தும் வழக்கம் சில இராச்சியங்களில் உண்டு. விக்கார் கொலுவில் இருப்பார், விருந்தினரை வரவேற்பார். அலுவலக வேலை வழமைபோல் செனஷலிடம்.

பதில் தலைவரே ராசா வேடமும் போடலாமோ?

வேண்டாம். ஆள் பற்றாக்குறை என்றால் ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும்.

சங்கிலியன் செய்ததும் உதுதானே? பொறுப்புப் பார்க்க வந்து ராசாவானவர்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கள் குழுவில் சங்கிலியன் வேடம் போட்டவரேதான். நியாயமான கேள்வி. முதலில் ஆளைப் பிரித்துக்கொள்வோம். 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆட்சிக்கு வந்து 1560இல் போர்த்துக்கேயரின் படையெடுப்பைச் சந்தித்தவர் முதலாம் சங்கிலி. நாம் பேசுவது கடைசி மன்னனான சங்கிலி குமாரனைப் பற்றி.

1591இல் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கி அரசனைக் கொன்று, எதிர்மன்னசிங்கத்தை அரியணையில் ஏற்றினார்கள். அவர் 1617இல் இறந்தபோது வாரிசு சின்னக் குழந்தை. குழந்தை வளரும்வரை பொறுப்பாட்சி அரசகேசரி என்ற அரச குடும்பத்தவரிடம் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. சங்கிலி குமாரன் அரசகேசரியையும் உரிமை கோரக்கூடிய மற்றவர்களையும் கொன்றுவிட்டுத் தானே பொறுப்பை எடுத்தான். கொழும்பிலிருந்த போர்த்துக்கேயரிடம், குழந்தையின் சார்பில் ஆள்வதாகத் தன்னை ஏற்கும்படி கேட்டான். அவர்கள் தயங்கிப் பிறகு நிபந்தனையோடு ஏற்றார்கள். அடுத்த ஆண்டே உள்ளூரில் கிளர்ச்சி வெடித்தது. தஞ்சாவூர் நாயக்கரிடம் படையுதவி வாங்கி அதை அடக்கினான். 1619இல் பிலிப் தெ ஒலிவேரா படையோடு வந்தான். சங்கிலி குமாரன் கடல்வழியே தப்ப முயன்று பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு மரண தண்டனைக்கு உள்ளானான். இராச்சியமும் அதோடு முடிந்தது.

அவன் வீரனா, அபகரித்தவனா என்று இன்றைக்கும் எங்கள் ஒத்திகையில் வாக்குவாதம் நடக்கும். நடக்கட்டும். அமைப்பு நடத்துபவர்களின் கண்ணுக்கு இன்னொன்று தெரியவேண்டும். அவனுடைய பொறுப்பாட்சியை ஊருக்குள் ஏற்றவர்கள் போதவில்லை. அந்த இடைவெளியை ஒருமுறை கொழும்பின் ஒப்புதலாலும் மறுமுறை தஞ்சாவூர்ப் படையாலும் நிரப்பப் பார்த்தான். அடுத்த கேள்வியை இதோடு சேர்த்து வாசியுங்கள்.

கனடாவில இருந்து காசு அனுப்புறவை, "உவரைத்தான் பதில் தலைவராப் போடவேணும்" எண்டு சொல்லினம். கேக்கவேணுமோ?

நன்றி சொல்லிக் கடிதம் எழுதுங்கள், கணக்கறிக்கை அனுப்புங்கள், நிகழ்ச்சிக் காணொளியில் பெயர் போடுங்கள். நியமனம் இங்கே பயிற்சிக்கு வருகிற உறுப்பினரின் வேலை. வெளியிலிருந்து வந்த ஆதரவில் இருத்தப்பட்டவர் அந்த ஆதரவு நின்ற அன்றே ஆடிப்போவார். அதோடு அவர் உறுப்பினருக்குக் கணக்குக் காட்டமாட்டார், காசு அனுப்பியவருக்குத்தான் காட்டுவார்.

காசு நின்றுவிடுமே என்றால், நிற்கலாம். ரெஜிபோமும் பழைய சீலையும் வாங்கக் கனடா தேவையில்லை.

எங்களுக்குள்ள ரெண்டு பிரிவு. வேறை குழுவிலயிருந்து பொதுவான ஒராளைக் கூட்டிவந்து இருத்தலாமோ?

சில சமயம் இதுதான் நல்ல வழி. இரு பக்கமும் ஏற்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தெரிவுக் கூட்டத்தை நடத்திக் கொடுத்துவிட்டுப் போவதற்கு மட்டும். நீண்ட காலத்துக்கு என்றால் யோசியுங்கள், வெளியாளுக்கு மனம் தன் வீட்டில்தான் இருக்கும். 1450 அளவில் தெற்கே கோட்டை இராச்சியத்தின் அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவுக்காக யாழ்ப்பாணத்தைப் பிடித்த சப்புமல் குமாரயா இங்கே பதினேழு ஆண்டு ஆண்டான். 1467இல் கோட்டையில் அரசன் இறந்ததும் அந்த அரியணையைத் தேடித் தெற்கே போய்விட்டான். துரத்தப்பட்டிருந்த யாழ்ப்பாண அரசன் கனகசூரிய சிங்கையாரியன் திரும்பிவந்து நல்லூரில் இருந்துகொண்டான்.

பொம்பிளைப் பிள்ளை ஒராள் பதில் தலைவரா இருக்கலாமோ? ராசா காலத்துக் குழுவெல்லோ?

உடுப்பு முழுவதையும் வெட்டித் தைத்து, எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருப்பவர் யார் என்று திருப்பிக் கேட்டேன். கேட்டவர் பதில் சொல்லவில்லை. அவரைத்தான் போடவேண்டும்.

வாள், ஈட்டி எல்லாம் பதில் தலைவற்ர வீட்டில இருக்கு. பொலிஸ் பிடிச்சா?

யாழ்ப்பாணத்தில் இது பகிடியான கேள்வி அல்ல. வாள்வெட்டுச் செய்தி இல்லாத கிழமை அருமையாக இருந்த காலத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரவில் முச்சக்கரவண்டியில் நான்கு வாளோடு போகிறவர் ஒத்திகைக்குத்தான் போகிறார் என்று வீதியில் மறிப்பவர் உடனே நம்பப்போவதில்லை.

உருக்கு வாள் வைத்திருக்காதீர்கள், அலங்காரத்துக்குக்கூட வேண்டாம். எஸ்.சி.ஏ.காரரும் கவசச் சண்டைக்குப் பிரம்பைத்தான் பட்டி ஒட்டிப் பயன்படுத்துகிறார்கள். சிலம்பத்துக்குப் பிரம்பு பிடித்த எங்களுக்கு அது புதிதும் அல்ல. வெள்ளிப் பெயின்ட் அடித்த பலகை வாள் தூரத்தில் பார்க்க உருக்குப் போலவே இருக்கும் என்பதால், கொண்டுபோகும்போது பூட்டிய பெட்டிக்குள் இருக்கவேண்டும், கையில் அல்ல. பெட்டிக்குள் மேலே ஒரு கடிதம்: குழுவின் பெயர், நிகழ்ச்சி, திகதி, இடம், பொறுப்பாளரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும். அதன் பிரதி ஒன்றை முன்கூட்டியே பொலிஸ் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள்.

பொறுப்பாளர் மாறிய அன்றே கடிதத்தையும் மாற்றவேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் ஒருவரின் பெயரைக் காட்டினால் மறித்தவருக்குச் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது.

மந்திரிமனைக்கு முன்னால செய்ய அனுமதி எடுத்தது பழைய தலைவற்ர பேரில. அது காணுமோ?

நல்லூரின் பழைய கட்டடங்களான மந்திரிமனையும் சங்கிலியன் தோப்பு வாயிலும் தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே ஏதாவது சேதம் வந்தால் கேட்பது கையொப்பமிட்டவரைத்தான். பதில் தலைவரின் பெயரில் கடிதத்தைப் புதிதாக எடுங்கள். நடைச்சிரமம்தான், ஆனால் நிகழ்ச்சியன்று காலையில் பந்தல் கட்டியபிறகு படும் சிரமத்தைவிடக் குறைவு.

பதில் தலைவர் திகதி முடிஞ்சும் விலகமாட்டன் எண்டு நிக்கிறார். திறப்பும் அவரிட்டத்தான்.

தீர்மானத்தில் திகதி இருந்தால் அவர் விலகத் தேவையே இல்லை, அந்த நாளோடு பொறுப்பு முடிந்துவிட்டது. இதற்காகத்தான் மேலே திகதி, திகதி என்று அலட்டினேன். செயலாளர் யாப்பின்படி அறிவித்தல் கொடுத்துப் பொதுக்கூட்டம் கூட்டட்டும். செயலாளரும் அவர் பக்கம் என்றால், யாப்பு சொல்லும் எண்ணிக்கையான உறுப்பினர் எழுத்தில் கோரிக் கூட்டலாம். கூட்டத்துக்கு முன்பே, நிர்வாகம் தொடர்பில் இணக்கம் இல்லை, கொடுக்கல் வாங்கலை நிறுத்திவைக்கவும் என்று வங்கிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். சாமான் பட்டியல் கையில் இருந்தால் திறப்புப் பிரச்சினை பாதி தீர்ந்தது. என்ன தரவேண்டும் என்பது அவருடைய கையொப்பத்தோடே இருக்கிறது.

செய்யக்கூடாதது ஒன்று: அவரை விட்டுவிட்டு வேறிடத்தில் இன்னொரு கூட்டம் போட்டு இன்னொரு நிர்வாகத்தைத் தெரிவு செய்வது. கோயில் நிர்வாகங்கள் இரண்டாகி, கொடியேற்றத்துக்கு நீதிமன்றக் கட்டளை வாங்கவேண்டி வந்த கதைகள் எங்களுக்குப் புதிதல்ல. கோயிலுக்காவது வழக்குப் பேசக் காசு இருக்கும்.

அதற்கு முன் ஒருமுறை வீட்டுக்குப் போய்க் கதையுங்கள், வயதில் மூத்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு. விலகமாட்டேன் என்பவர்களில் பலருக்குக் குறை ஒன்றுதான். இவ்வளவு நாளும் பட்ட கஷ்டத்துக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போட்டியே இல்லை. ஒருத்தரும் தலைவரா வர விருப்பமில்லை. பதிலே தொடரட்டுமே?

ஒருமுறை நீட்டிப் பாருங்கள். இரண்டாம் முறையும் ஒருவரும் வராவிட்டால் தலைவர் பதவிதான் பாரம் என்று அர்த்தம். வேலையை உடையுங்கள். நிகழ்ச்சிக்கு ஒருவர், சாமானுக்கு ஒருவர், அலுவலகக் கடிதங்களுக்கு ஒருவர் என்று பிரித்தால், "தலைவர்" என்றதும் ஓடியவர்களில் ஒருவர் மிச்ச வேலையைப் பார்த்துவிட்டு, சரி இதை நான் செய்வேன் என்று வருவார்.

அப்படியும் ஆளில்லை என்றால் குழுவைக் கொஞ்சக் காலம் நிறுத்திவைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எஸ்.சி.ஏ.யிலும் தேவையான அலுவலர் இல்லாத உள்ளூர்க் கிளையை உறக்கத்தில் வைக்கவும் கலைக்கவும் வழி உண்டு. கணக்கை முடித்து, சாமானைப் பட்டியலோடு ஒரு பாடசாலையின் நாடகக் கழகத்திடம் பாதுகாக்கக் கொடுங்கள். வீட்டில் வைத்தால் முடியைக் கறையான் தின்னும்.

பதில் தலைவரா இருந்தவையின்ர பேரை மண்டபத்துப் பலகையில போடலாமோ?

போடுங்கள். தலைவர்கள் வரிசையிலேயே, "பதில்" என்ற சொல்லோடும் தொடங்கிய, முடிந்த திகதிகளோடும். "பதில்" என்பதை விட்டுவிட்டு எழுதினால் பத்து ஆண்டு கழித்து ஆண்டறிக்கை எழுதுபவர் திகதிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதைப் பார்த்து முழிப்பார். தலைவர் கொழும்பு போன மூன்று கிழமை பார்த்தவருக்குப் பலகை தேவையில்லை, கூட்டக் குறிப்பில் நன்றித் தீர்மானம் போதும். வெற்றிடக் காலத்தில் இருந்தவருக்குத்தான் பலகை. எழுத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்கும் பெயின்டரிடம் பேரம் பேசி "பதில்" என்பதை வெட்டவேண்டாம், மூன்றெழுத்துத்தான்.